அக்காவின் அன்ஈஸி

நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் ஓம வாட்டரை ஊற்றி அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள் அம்மா. அக்கா வாங்கவில்லை. "வயிறு இல்லம்மா" என்றாள். தலையா என்று கேட்டதற்குத் தலையும் இல்லை என்றாள். "பின்ன என்னதாண்டி உனக்கு?" என்று அம்மா குரலை உயர்த்தினாள். சுவரைப் பார்த்தபடி அக்கா சொன்னாள்: "கல்யாணத்த நெனச்சாலே ஒரு மாதிரி அன்ஈஸியா இருக்கும்மா."

அப்போது நாங்கள் ஆவடியில், அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அக்கா அம்பத்தூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள். இந்தச் சொல் அவளுக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷில் வேறெதுவும் தெரியாதவர்களுக்குக்கூட அன்ஈஸி தெரியும். ராத்திரி சாப்பிட்ட பிரியாணி செரிக்காதவர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குபவர், துபாயில் இருக்கும் மகனிடமிருந்து போன் வராதவர் என்று எல்லாருக்கும் அன்ஈஸிதான். நெஞ்சைத் தொட்டும் சொல்வார்கள், வயிற்றைத் தடவியும் சொல்வார்கள், எதையும் தொடாமல் கையைக் காற்றில் ஒரு சுற்று சுற்றியும் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தவளே அக்காதான். அவளே அதைச் சொல்ல ஆரம்பித்தபோது எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மாப்பிள்ளை பூந்தமல்லிக்காரர், இன்ஜினியர். குடிக்கமாட்டார், சத்தம் போட்டுப் பேசமாட்டார். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பார். அக்காவுக்கு தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பார். அவரிடம் குறை கண்டுபிடிக்க அக்காவைவிட நாங்கள்தான் அதிகம் தவித்தோம். ஒரு குறை கிடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! மொட்டை மாடியில் வற்றலைப் புரட்டிக்கொண்டே நான் ரகசியமாகக் கேட்டேன்: "வேற யாராவது இருக்காங்களாக்கா?" இல்லை என்றாள். ஆமாம் என்று சொல்லித் தொலைக்கமாட்டாளா என்று இருந்தது எனக்கு. அதையாவது அப்பாவிடம் எடுத்துச் சொல்லலாம்.

அப்பாவுக்கு அந்தச் சொல்லே ஆகவில்லை. "தமிழ்ல சொல்லு. இதுக்குத் தமிழ்ல வார்த்தையே இல்லையா?" என்று கத்தினார். நானும் எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பயமா? இல்லை. வெறுப்பா? சேச்சே. சங்கடமா? "சங்கடம்னா அவரு ஏதாவது பண்ணியிருக்கணும். அவரு ஒண்ணுமே பண்ணலையே." கலக்கமா? "அப்படிச் சொன்னா, எல்லாப் பொண்ணுக்கும் இருக்கறதுதான்னு சொல்லிடுவீங்க." கூச்சமா என்று கேட்டதும் அம்மா அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். "கூச்சம்தான்! கல்யாணம் ஆனா தானா போயிடும்." அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எதிர் வீட்டு அம்மா வேறு தன் பங்குக்கு வந்தாள். "இன்னாக்கா, பொண்ணு டல்லாவே கீது? எதையோ பாத்து பயந்துகினு இருக்கும். ஒரு கயிறு மந்திரிச்சிக் கட்டு." கயிறும் கட்டினோம். கையில் கயிற்றோடு அக்கா வேலைக்குப் போய்வந்தாள். கேட்டால் அதே பதில்தான்.

கடைசியில் அப்பா, உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, அவள் வேலை பார்த்த அதே கிளினிக்குக்கு அவளை நோயாளியாக அழைத்துப் போனார். நானும் போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, ஒண்ணுமே இல்ல!" என்றார். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லைன்னுதான் சார் நான் சொன்னேன்" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து நன்றி சொன்னார். அவர் காதில் பாதி வாக்கியம்தான் விழுந்திருந்தது.

திரும்பும் வழியில், ஷேர் ஆட்டோவில் நான்கு பேர் முன்னால், அக்கா சொன்னாள்: "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்." அப்பா திருமுல்லைவாயில் வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அங்கிருந்து வெயிலில் ஆவடி வரை நடந்தே வந்தார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம், "நிச்சயப் புடவையை எடுத்து வை, திருப்பிக் குடுத்துட்டு வரலாம்" என்றார். ஏன் ஒப்புக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் கத்துவார் என்று யாரும் கேட்கவில்லை.

பூந்தமல்லியில் மாப்பிள்ளையின் அப்பா காரணம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். என் அப்பா, சொல்வதற்கு வேறொன்றும் இல்லாததால், அத்தனை நாள் வீட்டில் தடை போட்டிருந்த அந்தச் சொல்லையே அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்: "பொண்ணுக்கு அன்ஈஸியா இருக்காம்." அவர்கள் பதறிப்போனார்கள். "ஹார்ட்டா? இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாராம்.

அவ்வளவுதான். அக்காவுக்கு இதய நோய் என்று செய்தி பரவிவிட்டது. குவார்ட்டர்ஸ் பெண்கள் அவள் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கி, "நீ தூக்காதம்மா" என்றார்கள். வந்த வரன்கள் வாசலோடு போயின. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் காபியைக் குடித்துவிட்டு, "மூத்த பொண்ணுக்கு ஏதோ கோளாறாமே, குடும்பத்துல வர்றதா?" என்று கேட்டார்கள். இ.சி.ஜி.யைக் கண்ணாடி போட்டா மாட்டிவைக்க முடியும்? அந்த நாட்களில் நான் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. ஒரு ஒழுங்கான காரணம் சொல்லத் தெரியாத ஒருத்தியால் வீடே தலைகுனிந்து நிற்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு எல்லாம் எப்படியோ சரியாயிற்று. எனக்குக் கல்யாணமாகி அயனம்பாக்கம் வந்தேன். அக்கா, மின்சார ரயிலில் பழக்கமான ஒருவரைக் கட்டிக்கொண்டு பட்டாபிராமில் இருக்கிறாள். அத்தானிடம் குறைகளுக்குப் பஞ்சமே இல்லை. குறட்டை, மறதி, எதிலும் ஒரு விட்டேற்றித்தனம். அக்கா அவரோடு நாள் முழுக்கச் சண்டை போடுகிறாள். ஆனால் ஒருமுறைகூட அன்ஈஸி என்று சொல்லிக் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அந்தப் பூந்தமல்லிக்காரரைப் பார்த்தேன். மனைவி சாப்பிடட்டும் என்று கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, அப்பாவின் உடல்நிலையை விசாரித்தார். அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளே ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா?" என்றேன்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நல்லவருதாண்டி. நான் எப்பவாவது கெட்டவருன்னு சொன்னேனா?"

"அப்புறம் என்னதான் இருந்துச்சு உனக்கு?"

கையிலிருந்த கீரைத்தண்டை முறித்துத் தட்டில் போட்டாள். பிறகு சொன்னாள்: "அவருகிட்ட பேசறப்பல்லாம் நான் ரொம்ப நல்ல பொண்ணா இருந்தேண்டி. போன வெச்சதும் அப்படியே மூச்சு வாங்கும்."

"இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அப்போ எனக்கே தெரியலையே" என்றாள் அக்கா. "அன்ஈஸியா இருந்துச்சு. அது மட்டும்தான் தெரிஞ்சுது."