கராம்பு காய்ந்த வீடு

இன்றும் தங்கச்சி சோற்றிலிருந்த கராம்பைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள், ஏனென்று அவளுக்கே தெரியாது. அந்த மணத்தில் எனக்குப் பன்விலவில் எங்களுக்கிருந்த சின்னக் காணி ஞாபகம் வந்துவிட்டது. பறிப்புக் காலத்துச் சனி, ஞாயிறுகளில் கண்டியில் கடை வேலை பார்த்த மாமா குடும்பத்தோடு வந்துவிடுவார், ஆண்கள் மரத்தில் நிற்க நாங்கள் கீழே காம்பு கிள்ளுவோம், நகக்கண்ணெல்லாம் எரியும். ஒருமுறை அப்படி எல்லோரும் கூடியிருந்தபோது காற்றும் மழையும் தகரக் கூரையைப் பிய்க்கப் பார்த்தன. வெயிலில் காயவேண்டிய கராம்பு கட்டிலிலும் பாயிலும் பரவிக் கிடக்க, கதவைச் சாத்தி, ஈர விறகை ஊதி ஊதி, வீடெல்லாம் புகை போட்டோம். மூன்று வயதுத் தங்கச்சிக்கு இழுப்பு. அம்மாவின் மடியில் அவள் நெஞ்சு விசிலடித்தது.

“புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க. கதவையாச்சும் தொறங்க,” என்றாள் அம்மா.

“சாரல் அடிச்சா கராம்புல பூசணம் புடிச்சிரும். புள்ளயத் தூக்கிட்டு மாட்டுப்பட்டியில போயி இரு,” என்றார் அப்பா.

வீடு நிறைய இருந்த ஆட்கள் குனிந்து கராம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அம்மா சாக்கைப் போர்த்திக்கொண்டு, தங்கச்சியோடு மழைக்குள் இறங்கிப் போனாள்.

அடுத்த மழைக்கு நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தபோது மண் சரிந்து வீடும் மரங்களும் போயின. வெறும் சேற்றைப் பார்த்து அப்பா தலையிலடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மா, “இப்பத்தான் நல்லா காத்து வருது,” என்றாள்.