ஷெர்வானிக்கு வேட்டி

மண்டபத்தில் பாட்டுக் கச்சேரியையும் மீறி ‘டர்’ என்று ஒரு சத்தம். பேண்டின் பின்பக்கத் தையல் பிரிந்த சத்தம் அது என்று தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒன்று மாப்பிள்ளை. இன்னொன்று, அதைத் தைத்த நான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ராஜபாளையத்தில் பெல்பாட்டத்துக்கு முதலில் கத்திரி போட்டவன் நான்தான். பாட்டம் முப்பது இஞ்சு. போட்டவன் நடந்தால் தெருப் பெருக்க ஆள் வேண்டாம். பிறகு பேகி வந்தது. ஒரு பேண்டுக்குள் இரண்டு பேர் குடியிருக்கலாம். அதையும் தைத்தேன். இப்போது வடக்கத்தி ஷெர்வானி. முட்டி வரை கோட்டு, உள்ளே காலை இறுக்கிய பேண்ட்.

இந்த மாப்பிள்ளை சேத்தூர்க்காரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போனில் படம் காட்டினான்.

"அண்ணாச்சி, இதே மாதிரி தோலோட ஒட்டணும்."

"குனிய ஏலாதேப்பா."

"ரிசப்ஷன்ல நின்னுக்கிட்டுத்தான இருக்கப் போறேன்?"

சரிதானே என்று நிற்க வைத்து அளவெடுத்தேன். அளவில் ஒரு நூல் தப்பில்லை. நான் எடுத்த அளவு தப்புமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் பெண்ணின் பெரியப்பா மேடை ஏறினார். காலில் விழ மாப்பிள்ளை பாதி குனிந்தான். டர். நீளக் கோட்டு மானத்தைக் காத்தது. ஆனால் அவன் அப்படியே நிமிர்ந்து, விளக்குக் கம்பம் மாதிரி நின்றுவிட்டான்.

"பாத்தியளா, பெங்களூர்க்காரருக்கு முதுகு வளையாதாம்லா!" என்று பெரியப்பா கத்தினார். "தாலி கட்டுததுக்கு முன்னாடியே இம்புட்டு மரியாதை. பொறவு எம் பொண்ண என்னத்த மதிப்பாரு? எல்லாரும் கெளம்புங்க!"

பெண் அழ ஆரம்பித்துவிட்டது. நான் மேடைக்கு ஓடினேன்.

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. அலங்காரம் பாக்கி இருக்கு."

மாப்பிள்ளையை அறைக்குள் இழுத்துப் போய்ப் பேண்டைக் கழற்றச் சொன்னேன். கட்டியிருந்த என் வேட்டியை அவிழ்த்து அவனுக்குக் கட்டிவிட்டேன்.

"நீங்க என்ன செய்விய அண்ணாச்சி?"

"எனக்கா ரிசப்ஷன்? போய் விழுலே!"

விழுந்தான். பெரியப்பா காலில் இரண்டு தடவை. வரிசையில் ஒருவரையும் விடவில்லை. பெரியப்பாவே தூக்கி நிறுத்தி, "போதும் மாப்ள, இடுப்பு புடிச்சுக்கிடப் போகுது" என்றாராம். நான் பார்க்கவில்லை. பட்டாபட்டி டிராயரோடு கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தேன். பந்தியில் பால்கோவா தீர்ந்த பிறகுதான் என் வேட்டி திரும்பி வந்தது.

அடுத்த வாரம் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை. "அண்ணாச்சி, வேட்டி வச்ச ஷெர்வானிதான் லேட்டஸ்ட் மாடலாமே?"

"நான் கண்டுபிடிச்சதுதான்" என்றேன். பொய்யா என்ன?

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, நிற்கிற ஆளை அளப்பது பாதி அளவுதான். என் கடையில் டிரையல் பார்க்கும் மாப்பிள்ளை முதலில் என் காலில் விழ வேண்டும். எனக்குத் தலைக்கனம் என்கிறார்கள். தையல் தாங்கினால் ஆசீர்வாதமும் செய்கிறேன். அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை.