எதிர்வீட்டுக் குளிர்ச்சி

பொறாமைப்பட நாமகிரிப்பேட்டைச் சென்னியம்மாளுக்கு ஊர் உலகம் தேவையில்லை. எதிர்ச்சாரியில் இருந்த ஓரகத்தி சௌந்திரம் ஒருத்தியே போதும். இருவரும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மூத்தவள் கழுத்தில் புதுச் சங்கிலி ஏறினால் இளையவளுக்கு அன்று சோறு இறங்காது.

எழுபத்தாறில் சௌந்திரம் வீடு கட்டினாள். பிளான் போட்டவர் சேலம் சூரமங்கலத்துக் கஸ்பார். “நாளைக்கு ஊட்டுக்கு இவ்வளவுதான் கரண்டுன்னு சர்க்கார் சட்டம் போட்டுருமுங்க. இப்பவே ஃபேன் இல்லாம இருக்கற மாதிரி கட்டிக்கோணும்” என்பார். ஊரே சிரித்தது. கிழக்கு பார்த்த அந்த வீட்டில் கூடம் முன்னால். மேற்கு வெயில் காயும் பின்பக்கம் மஞ்சள் மூட்டை அடுக்கும் அறை. வெயிலை மூட்டைகள் வாங்கிக்கொண்டன.

மறுவருஷமே சென்னியம்மாள் கஸ்பாரைக் கூப்பிட்டாள்.

“அக்கா ஊடு மாதிரியே அச்சு அசலா வேணுமுங்க.”

“உங்க மனை மேற்கே பாக்குதுங்கம்மா. கூடத்தைப் பின்னால தள்ளோணும்.”

“அவ கூடம் தெருவைப் பாக்கும், என்ற கூடம் கொல்லையைப் பாக்கோணுமா? நான் என்ன இளைச்சவளா?”

கஸ்பார் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போய்விட்டார். அவள் வேறொரு மேஸ்திரியை வைத்து நினைத்தபடியே கட்டினாள். கூடத்தில் ஒரு ஃபேன் கூடுதலாகவும் மாட்டினாள்.

எண்பதில் சட்டம் வரவில்லை, கரண்டுதான் நின்றது. சித்திரை மத்தியானத்தில் அவள் கூடம் வாணலியாகக் காய்ந்தது. கணவர் நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் படுக்கப் போனார். “நங்கையா ஊடு குளுகுளுன்னு இருக்குது புள்ளே” என்று வேறு வந்து சொன்னார். அண்ணன் மனைவியைப் புருஷன் புகழ்ந்தால் எவளுக்குத்தான் வயிறு எரியாது?

கஸ்பார் மறுபடி வரவழைக்கப்பட்டார். “முன்னால ஒரு தாழ்வாரம் எறக்கிட்டாப் போதுமுங்க, சூடு பாதி கொறையும்” என்றார். அது அவள் காதிலேயே விழவில்லை. சௌந்திரம் வீட்டுக்குப் பின்னால் விலைக்கு வந்திருந்த காலிமனையைக் காட்டினாள்.

“அதை வாங்கி மாடி கட்டறேனுங்க. அவளுக்குக் காத்து நின்னு போகோணும்.”

“அவங்களுக்குக் காத்து தெக்கயிருந்து வருதுங்கம்மா. மேற்கால நீங்க மாடி கட்டினா, அவங்க செவுத்துல வெயிலே படாது. ஊடு இன்னும் குளுந்து போகும்.”

சென்னியம்மாள் அந்தக் காலிமனையை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு முகம் தெளிந்தது.

“சரி, மாடி வேண்டாமுங்க. மனையை மட்டும் வாங்கிப்போடறேன். அதுல நிக்கற வேப்பமரத்தை வெட்டிப்போட்டா, அவ ஊட்டு மேல வெயில் நல்லா உழுகுமுங்களா?”