சுருளி சைக்கிளை விட்டு இறங்கிய இடம்

சுருளி அந்தப் போட்டியில் தோற்றுவிட்டான் என்று காளவாசலில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீச்சலில் அவனைத் தொட ஆளில்லை. சைக்கிளில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் மற்றவர்கள் மிதித்தார்கள். நான் பின்னாலேயே போனவன் ஐயா. அவன் ஓட்டிய சைக்கிள் என் சைக்கிள் கடையில் நானே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய சைக்கிள். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

சுருளி கே.கே. நகரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். காளவாசலில் என் கடைக்குப் பின் சந்தில்தான் அவனும் அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணும் குடியிருந்தார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கலையாத வகிடு. காலையில் காற்றடிக்க வருவான். அங்கிருந்து ஊரைக் குறுக்கே வெட்டி, பஸ்ஸோடு போட்டி போட்டு மிதித்துப் போவான். கார் வைத்திருக்கிறவர்கள்கூட அவனை “கம்பவுண்டர் சார்” என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, யார் சொத்து குறைந்துவிட்டது?

எண்பத்து நாலில் கண்மாய்கள் நிறைந்து கிடந்தன. டவுனில் ஒரு விளையாட்டு மன்றம். அதன் செயலாளர் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் மூச்சு விடாமல் செய்கிற போட்டி என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். வெளிநாட்டில் செய்கிறார்களாம். சுருளியிடம் காட்டினேன்.

“மூணையும் ஒரே மூச்சுலயா? அவுங்களுக்கு வேற சோலி இல்லையாண்ணே?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் செயலாளரே கடைக்கு வந்தார். பஞ்சர் ஒட்ட, செயின் மாட்ட ஒரு ஆள் பின்னாலேயே வர வேண்டும், நீங்கள் வாருங்கள் என்றார். பாதையையும் சொன்னார். கண்மாயில் நீச்சல். கரையேறினால் சைக்கிள். மேற்கே உள்ள ஊர்களைச் சுற்றிவந்து, கடைசியாக ஒரு ஊரின் மெயின் தெருவைத் தாண்டி, அங்கே உள்ள பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட்டம். ஊர்ப் பெயரை அவர் சொன்னதும், காற்றடித்துக்கொண்டிருந்த சுருளி பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“எந்தத் தெரு வழியா சார்?”

“மெயின் தெருதான்யா. சாவடி முன்னால. வேற ரோடு ஏது அங்க?”

“சாவடி முன்னாலயா சார்?” என்று இன்னொரு தடவை கேட்டான். அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டான்.

அது அவன் பிறந்த ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊரில் காலனிக்காரர்கள் சைக்கிளில் வந்தால் சாவடிக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிகிறவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். சுருளியின் அப்பன் ஒருநாள் காய்ச்சலோடு வந்தவர், இறங்கவில்லை. சாவடித் தூணில் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஆத்தா ராமக்காள் மகனைப் பழக்கினாள். அவன் வாடகை சைக்கிள் எடுத்த நாளெல்லாம் தெருக்கோடியில் வந்து நிற்பாளாம். இறங்கித்தான் வருகிறானா என்று பார்ப்பாளாம்.

“அதெல்லாம் இப்ப யாருங்க பாக்குறா?” என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. பேசினார்கள், சரி. ஏறி வந்து பார்த்தவன் ஒருத்தன் உண்டா? சுருளிகூட ஆத்தாவைப் பார்க்க பஸ்ஸில் போய் நடந்துதான் வருவான். சைக்கிளை அந்தப் பக்கம் கொண்டுபோனதே இல்லை.

“ஜெயிக்கிறது கெடக்கட்டும்ணே. எங்காத்தா பாக்க அந்தத் தெருவுல நான் மிதிச்சுப் போகணும். அம்புட்டுத்தான்” என்றான். அன்றிலிருந்து விடியுமுன் கண்மாயில் கிடந்தான். தங்கப்பொண்ணு என்னை வழிமறித்து, “ஒங்களாலதான், மனுசன் பாதியா எளச்சுட்டாரு” என்று சண்டைக்கு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமக்காளிடம் விஷயத்தைச் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். அந்தம்மாவுக்குப் பந்தயமெல்லாம் புரியவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

“சாவடி முன்னால ஏறியா வருவ?”

“ஏறித்தான் வரணும்த்தா. எறங்குனா தோத்துருவேன்ல.”

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் கிளம்புவதற்குள் காலனி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

போட்டி நாள் வந்தது. கண்மாயில் இவன் மீன். கரையேறித் தலையைத் துடைக்கக்கூட நிற்காமல், வெறுங்காலோடு சைக்கிளில் தாவினான். நான் மொபெட்டில் பின்னால். காலேஜ் பையன்கள் கியர் வைத்த சைக்கிளெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டு ஊர் தாண்டுவதற்குள் அவர்கள் எல்லோரும் கண்ணுக்கெட்டாத தூரத்தில். “சுருளி, விட்றாத மாப்ள!” என்று நான் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

அவன் ஊர்த் தெரு வந்தது. இரண்டு பக்கமும் ஜனம். சாவடியில் பெரியவர்கள் துண்டும் வெற்றிலையுமாக வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். தெருக்கோடியில் காலனிப் பெண்கள் கூட்டம், முன்னால் ராமக்காள். யாரும் கையை நீட்டவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில பிள்ளைகள் கைகூடத் தட்டினார்கள்.

சாவடிக்கு நேராக வந்ததும் சுருளி இறங்கிவிட்டான்.

பிரேக் பிடித்து, காலைத் தூக்கி, ஒழுங்காக இறங்கினான். இறங்கியவன் குனிந்தான். காலில் இல்லாத செருப்பைக் கழற்றப் போனான். விரல் வெறும் பாதத்தைத் தொட்டதும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தான்.

“என்னடா ஆச்சு? செயினா?” என்று நான் கத்தினேன். அவன் காதில் விழவில்லை. ஏறிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். பாதித் தெருவில் எப்படி ஏறுவது? இறங்கியதைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டார்களே. ஒருத்தன், இன்னொருத்தன் என்று மணியடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ராமக்காளையும் தாண்டிப் போனான். அவள் பக்கம் திரும்பவில்லை.

அதற்கப்புறம் ஓட்டத்தில் வெறி பிடித்தவன் மாதிரி ஓடி மூன்றாவதாக வந்தான். யாருக்கு வேண்டும் அந்த மூன்றாவது?

பரிசளிப்பு மைதானத்திலேயே நடந்தது. முதல் பரிசு வாங்கிய பையனுக்குக் கைதட்டல் சுமார்தான். சுருளி பெயரைச் சொன்னதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“ரேஸு ஓடுற அவசரத்துலயும் சாவடியக் கண்டதும் எறங்கி நடந்தாம் பாருங்க, அதுக்குப் பேருதான் மரியாத. டவுனுக்குப் போயி நாலெழுத்துப் படிச்சாலும் பழச மறக்காத பய!”

சொல்லிவிட்டுப் புதுத் துண்டை அவன் தோளில் போட்டார். ஊரே கை தட்டியது. அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கியவன் அவன்தான். அடப்பாவிகளா! சுருளி துண்டோடு நின்றுகொண்டிருந்தான். மூஞ்சியில் ரத்தமே இல்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவான் என்று தோன்றியது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழாயடியில் அவனைப் பிடித்தேன். முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டே இருந்தான்.

“ஒருத்தனாவது ‘எறங்குடா’ன்னு சொல்லிருந்தா கோவமாவது வந்திருக்கும்ணே. கைய ஓங்கிருந்தா மோதிருப்பேன். ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. நானா எறங்குனேன். தூ, என்ன பொழப்பு இது! பெத்தவ முன்னால அசிங்கப்பட்டுட்டேன்.”

 அதற்குள் ராமக்காள் காலனிப் பெண்களோடு வந்துவிட்டாள். சத்தமாகவே பேசிக்கொண்டு வந்தாள்.

“செயினு கழண்டுருச்சாம்த்தா. கடக்கார அய்யாவே சொன்னாருல்ல. இல்லாட்டி எம்புள்ள ஏன் எறங்குறான்?” என்று சொல்லிவிட்டு, சாட்சிக்கு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமா, செயினுதான்” என்றேன் நான்.

“செயின் கழலலத்தா” என்றான் சுருளி. “நானாத்தான் எறங்குனேன்.”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ராமக்காள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைக்கப் போனாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

“ஏறு, காளவாசலுக்கு எங்க வீட்டுக்குப் போவோம். ரெண்டு நாள் அங்க இருந்துட்டு வரலாம் நீ. இப்ப ஏறியே போவோம் அந்தத் தெருவுல” என்றான்.

அவள் ஏறினாள். கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் மொபெட்டில் மெதுவாகப் பின்னால் போனேன். சாவடியில் அதே பெரியவர்கள். துண்டு போட்டவரும் வந்து உட்கார்ந்திருந்தார். சுருளி நேரே பார்த்துக்கொண்டு மிதித்தான்.

சாவடிக்கு நாலு வீடு இருக்கும்போது ராமக்காள் கேரியரிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள்.

சைக்கிள் ஆடியது. சுருளி பிரேக் பிடித்தான். ஒரு கால் பெடலை விட்டுத் தரைக்கு வந்துகொண்டிருந்தது.

“எறங்காத!” என்று அவள் போட்ட சத்தத்தில் சாவடியே திரும்பிப் பார்த்தது. “நீ எறங்காதடா! மிதி! நான் வாரேன்.”

சொல்லிக்கொண்டே குனிந்து தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவன் மிதித்தான். அவள் பின்னாலேயே நடந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். சாவடியைத் தாண்டி, கடைசி வீட்டையும் தாண்டி, சுருளி ஒரு காலைத் தரையில் ஊன்றி, சீட்டை விட்டு இறங்காமலே காத்துக்கொண்டிருந்தான்.

ராமக்காள் வந்து செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“பாத்துட்டேன்டா. நல்லாத்தான் மிதிக்கிற” என்றாள்.

சுருளி திரும்பவில்லை. அழுகிறான் என்று பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. காளவாசல் வந்து சேர்கிறவரை மிதித்துக்கொண்டே இருந்தான்.