கூறு போட்ட கிராமர்

டுடோரியலில் கிராமர் நடத்துவது என்பது, ஏற்கெனவே நாலு வாத்தியார்கள் கைகழுவிய தலைகளில் எட்டு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்சையும் மறுபடி ஏற்றுகிற உத்தியோகம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் நானும் அதைத்தான் செய்கிறேன். சாக்பீஸ் தூள் தின்று தொண்டை கட்டிய சக வாத்தியார்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

ஒப்பித்த வாய்

கஸ்தூரி மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம். காலையில் ஒரு ஓட்டல் கிச்சனுக்கு மீன் போட்டுவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து என் வகுப்புக்கு வருவார். பத்தாவதில் இங்கிலீஷ் மட்டும் பாக்கி. "பாஸ் பண்ணி மார்க்‌ஷீட் கொண்டா, ரிசப்ஷன்ல உக்கார வைக்கிறேன்" என்று அந்த ஓட்டல் மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் டுடோரியல் முதலாளிக்கோ, இந்த அம்மா ஃபெயிலாகி ரிசல்ட் போர்டைக் கெடுத்துவிடுவார் என்று பயம்.

முதல் நாள், "நவுன்னா என்னம்மா?" என்றேன். மூச்சு விடாமல் ஒப்பித்தார். அசந்துபோய், போர்டில் ஒரு வாக்கியம் எழுதி, "இதுல நவுன் எது, காட்டும்மா" என்றேன். வரி முழுவதையும் கையால் தடவிக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்பீஸ் உடைந்தது. அவர் அசரவே இல்லை.

"டெஃபனிஷன்லாம் ஸ்கூல்ல இருந்தே வாயில கீது சார். அதை வெச்சிகினு இன்னா பண்றதுன்னுதான் எவனும் சொல்லல."

கூறு

கரையில் கலப்பு மீனைச் சின்னச் சின்னக் குவியலாக வைத்து விற்பார்களே, அதுதான் கூறு. எனக்கு ஒரு யோசனை. வார்த்தைகளைச் சீட்டில் எழுதிக் கொட்டி, "கஸ்தூரிம்மா, கூறு போடுங்க பார்ப்போம்" என்றேன். நவுன் ஒரு குவியல், வெர்ப் ஒரு குவியல் என்று வரும் என்பது என் கணக்கு.

தரையில் உட்கார்ந்து மளமளவென்று போட்டார். பார்த்தால் ஒவ்வொரு குவியலிலும் மேலே ஒன்றிரண்டு நவுன், பக்கத்தில் ஒரு வெர்ப், அடியில் பொடி வார்த்தைகள்! "அய்யய்யோ, எல்லாத்தையும் கலந்துட்டீங்களே!" என்று கத்தினேன். "கூறுன்னா கலந்துதான் சார் வெப்பாங்க. ஒரே மீனா வெச்சா எவன் வாங்குவான்?" என்றார். கலைக்கப் போன என் கை நின்றது. ஒரு குவியலை எடுத்து வரிசையாக அடுக்கினேன். 'த கேர்ள் ரன்ஸ் ஆன் சேண்ட்.' அட, வாக்கியம்! "இதுல யாரு, என்ன செய்யறா?" என்று கேட்டேன். கஸ்தூரி ஒவ்வொரு சீட்டையும் தொட்டுத் தொட்டு நவுன், வெர்ப், பிரிபொசிஷன் என்று சரியாகச் சொன்னார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதுக்குப் போயா சார் இம்மா நேரம் கத்தினு இருந்தீங்க?"

ஏலம்

வாக்கிய வகைகளுக்கு வந்தோம். மீன் ஏலத்தையே இங்கிலீஷில் விடச் சொன்னேன். "இஸ் திஸ் ஃபிஷ் ஃப்ரெஷ்? திஸ் ஃபிஷ் இஸ் ஃப்ரெஷ்! பை திஸ் ஃபிஷ்! வாட் எ ஃபிஷ்!" கஸ்தூரியின் குரலுக்கு ஜன்னல் அதிர்ந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மொத்த வகுப்பும் வகையைச் சொல்லிக் கூவியது.

சண்டை என்று நினைத்து முதலாளி ஓடிவந்தார். "யோவ், இந்த தடவை அந்தம்மாவ எழுத விடாதய்யா, மானம் போயிடும்" என்றார், கஸ்தூரி காதில் விழும்படியே. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எழுதுவாங்க. ஃபெயிலானா நான் வேலைய விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டு வாடகை ஞாபகம் வந்தது.

"நீங்க இன்னாத்துக்கு சார் வேலைய உடணும்? நான் பாஸாவுறேன்."

ஹோல்டு

பாஸ்! அதுவும் இங்கிலீஷில் எங்கள் டுடோரியலிலேயே முதல் மார்க்! மொட்டை வெயிலில் மாடிக்கும் தெருவுக்கும் ஓடி, பார்த்தவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தேன். மேனேஜரும் வாக்கைக் காப்பாற்றினார்.

அடுத்த மாதம் முதலாளி ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கக் கிளம்பினார். நடுவில் பெரிதாகக் கஸ்தூரி படம் வேண்டுமாம். ஓட்டலுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "குட் ஆஃப்டர்நூன் சார். மே ஐ நோ ஹூ இஸ் காலிங்?" என்றது ஒரு தெளிவான குரல். முதலாளி "ஐ... மீ... டுடோரியல்..." என்று தடுமாறினார். "பிளீஸ் ஹோல்ட், சார்" என்றது குரல். பாட்டு ஓட ஆரம்பித்தது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யோவ், என்னையே காக்க வெச்சுட்டாய்யா உன் ஸ்டூடன்ட்!"

நம் சம்பளம் எந்தக் காலத்திலும் ஏறப்போவதில்லை தோழர்களே, ஆனால் முதலாளி போனைப் பிடித்தபடி நிற்க அந்த ஹோல்டு பாட்டைக் கடைசிவரை கேட்டேன் பாருங்கள், அதற்காகவே இன்னும் ஆயிரம் பேருக்கு நவுன் நடத்தலாம்.