மகளின் நேர்காணலில் என் வீட்டுக்காரர் தோற்ற கதை

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு புதன்கிழமை காலையில, மலேசியாவுல மூவார்ங்கிற ஊர்ல எங்க வீட்டு ஹால்ல நடந்தது இது. இப்ப நினைச்சாலும் எனக்குச் சிரிப்பு வந்துடும். நான் வேலை செய்ற கிளினிக்ல, "என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?"ன்னு கேப்பாங்க. அவங்களுக்குச் சொன்னதையேதான் உங்களுக்கும் சொல்றேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. ஆறாம் படிவம் முடிச்சு, பல்கலைக்கழகம் போறதுக்கான எஸ்டிபிஎம் பரீட்சையில நல்லாவே தேறியிருந்தா. ரிசல்ட் வந்த அன்னைக்கே சொந்தக்காரங்க ஆளாளுக்கு அவளை வக்கீலாவும் அக்கவுண்டன்ட்டாவும் ஆக்கிட்டாங்க. இவ சாப்பிட உட்கார்ந்ததும் மெதுவா சொல்றா, "நான் தத்துவம் படிக்கப் போறேன்"னு. என் வீட்டுக்காரர் எடுத்த சோறு வாய்க்குப் போகாம பாதியிலேயே நின்னுடுச்சு.

"தத்துவம்னா? கோயில்ல சொற்பொழிவு பண்ணுவாங்களே, அதுவா?"

"இல்லப்பா. எது சரி, எது தப்பு, நமக்குத் தெரியும்னு நினைக்கிறதெல்லாம் உண்மையிலயே தெரியுமா, இதையெல்லாம் காரணத்தோட யோசிக்கிற படிப்பு."

"அதுக்கு எதுக்கு பட்டம்? நான் தினமும் பெக்டரிக்குப் போற வழியில யோசிக்கிறேனே!"

அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அலமாக்! பொண்ணு காவி கட்டப் போகுதா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. எனக்கும் அந்தப் படிப்பு புரியலைதான். ஆனா என் பொண்ணை நான் கேலி பண்ணலாம், ஊர் பண்ணலாமா?

அவ சும்மா ஆசைப்பட்டுச் சொல்லலை, எல்லாத்தையும் விசாரிச்சு வெச்சிருந்தா. நம்ம நாட்டுல தத்துவத்தை மட்டும் தனியா படிக்கிற இடங்கள் ரொம்பக் கம்மியாம். அரசியல், பொருளாதாரத்தோட சேர்த்துப் படிக்கலாமாம். இலக்கியத்தோட பாதிப் பாதியா எடுக்கலாமாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோட இங்க இருக்கிற கிளையில சேரலாம், வேலை செஞ்சுக்கிட்டே தொலைதூரக் கல்வியிலயும் படிக்கலாம். சிங்கப்பூரும் இருக்குன்னு சொல்லிட்டு, அப்பா முகத்தைப் பார்த்து அதை மட்டும் அவளே விட்டுட்டா.

அப்புறம் என் வீட்டுக்காரர் தகுதி என்னன்னு கேட்டாரு. எஸ்டிபிஎம் மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வும் முக்கியம்னா. தத்துவம் முன்னாடியே படிச்சிருக்கணும்னு கட்டாயம் இல்லையாம். கட்டுரை எழுதத் தெரியணும், கணக்கு நல்லா வந்தா தர்க்கப் பாடத்துக்கு உதவும், இவ விண்ணப்பிச்ச இடத்துல நேர்காணலும் உண்டுன்னா. இவர் தாடையைத் தடவிக்கிட்டே ஒரு முடிவு சொன்னாரு. நேர்காணல்ல இடம் கிடைச்சா போகலாம். கிடைக்கலைன்னா மறுபேச்சு இல்லாம அக்கவுண்ட்ஸ். அவளும் சரின்னுட்டா. ஆனா அக்கவுண்ட்ஸ்னு சொன்னாலே அவ முகம் வாடிப் போறது எனக்குத்தான் தெரியும்.

நேர்காணல் வீட்டுல இருந்தே, லேப்டாப் வழியா. காலையிலேயே சாமி விளக்கு ஏத்தி, அவ நெத்தியில திருநீறு பூசி, லேப்டாப் மூடியிலயும் ஒரு துளி வெச்சேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கு மட்டும் புல் வெட்டாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். இவரு லீவு எடுத்துட்டு, கல்யாணத்துக்குப் போற மாதிரி முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. உங்களை யாருங்க பார்க்கப் போறான்னு கேட்டேன். ஒரு மரியாதை வேணாமான்னாரு.

இங்க ரெண்டு விஷயம் சொல்லணும். கிளினிக்ல டாக்டர் பிள்ளையைப் பார்த்து, "என்ன செய்யுது?"ன்னு கேப்பாரு. பிள்ளை வாயைத் திறக்கிறதுக்குள்ள அப்பா, "ரெண்டு நாளா இருமல், டாக்டர்"னு ஆரம்பிச்சுடுவாரு. பிள்ளைக்கு மீசை முளைச்சிருந்தாலும் நம்மாளுங்க அப்படித்தான். ரெண்டாவது, என் வீட்டுக்காரர் வேலை செய்றது பர்னிச்சர் பெக்டரியில, மரம் அறுக்கிற பகுதியில. வருஷக்கணக்கா அந்த மேஷின் சத்தத்துக்கு நடுவுல கத்திக் கத்தி, அவர் காதோட ரகசியம் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேக்கும்.

அதனால முன்கூட்டியே எச்சரிச்சேன். "மூச்சு விடுற சத்தம்கூட வரக்கூடாது"ன்னேன். தலையாட்டிட்டு லேப்டாப்புக்குப் பின்னால, அவளுக்கு நேர் எதிர்ல, கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. நான் அவர் பக்கத்துல.

திரையில ரெண்டு பேர். கண்ணாடி போட்ட சீன அம்மா ஒருத்தங்க, இளவயசு மலாய்க்காரர் ஒருத்தர். ரெண்டு பேருமே விரிவுரையாளர்கள். பேசினது எல்லாம் ஆங்கிலமும் மலாயும் கலந்துதான், நான் தமிழ்லயே சொல்லிடறேன். ஆரம்பத்துல கேட்டதுக்கெல்லாம் இவ நல்லாத்தான் பதில் சொன்னா. அப்புறம் அந்த அம்மா சிரிச்ச முகத்தோட கேட்டாங்க. "பெத்தவங்க சொல்றதைப் பிள்ளைங்க எப்பவும் கேக்கணுமா?"

இவ கண்ணு திரையைத் தாண்டி மேல வந்துச்சு. அங்க அவ அப்பா, முழுக்கைச் சட்டையோட.

"கேக்கணும்"னா.

"எப்பவுமேவா?"

"ஆமா."

அவ்வளவுதான். அதுக்கு மேல வாயே திறக்கலை. காலையிலதான் எந்தப் பாஜு குரோங் உடுப்பு போடறதுன்னு என்கிட்ட அப்படி ஒரு வாதம் பண்ணினா! போச்சு, அக்கவுண்ட்ஸ்தான்னு நினைச்சேன்.

அப்ப என் வீட்டுக்காரர் ரகசியமா ஒண்ணு சொன்னாரு. "காரணம் சொல்லு பாப்பா! காரணம்!"

ரகசியம்னு அவர் நினைச்சாரு. திரையில ரெண்டு பேரும் தூக்கிப் போட்டாப்ல நிமிர்ந்தாங்க. நான் அவர் கையில ஒரு கிள்ளு கிள்ளினேன். "யார் அங்க?"ன்னு அந்த அம்மா கேக்க, "எங்கப்பா"ன்னு இவ முகத்தை மூடிக்கிட்டா. இவரு அவசரமா சுத்தி வந்து, குனிஞ்சு திரை முழுக்க முகத்தைக் காட்டி, "சாரி மேடம், நான் போயிடறேன் லா"ன்னாரு.

அந்த அம்மா கோபப்படுவாங்கன்னு பார்த்தா, விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. "போகாதீங்க அங்கிள், உட்காருங்க. நீங்க நிக்கிறதாலதான் உங்க பொண்ணுக்குப் பேச்சு வரலை. பெத்தவங்க சொல்றதை எப்பவும் கேக்கணும்னு நீங்க வாதாடுங்க. வேணாம்னு அவ வாதாடட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு பாருங்க, யூனியன் கூட்டத்துக்கு வந்தவரு மாதிரி! "மேடம், மேஷின்கிட்ட புதுசா வர்ற ஆளுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். முதல்ல சொன்னதைச் செய், காரணம் அப்புறம் கேளு. நின்னு காரணம் கேட்டுக்கிட்டிருந்தா விரல் போயிடும். வாழ்க்கையும் அப்படித்தான்."

மலாய்க்காரர் தலையாட்டினாரு. இவருக்கு ஒரே பெருமை. நானே மனசுக்குள்ள கை தட்டிட்டேன்.

இவ நிமிர்ந்து, "அப்பா, தாத்தா உங்க அத்தை மகளைத்தானே கட்டிக்கச் சொன்னாரு? நீங்க கேக்கலையே. அது தப்பா?"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது எங்க வீட்டுல யாரும் வாயைத் திறந்து பேசாத கதை, அவ யார்கிட்ட கேட்டாளோ. என் மாமனார் சொந்தத்துலயே பெண் பார்த்து வெச்சிருந்தாரு. இவரு கேக்காம என்னைக் கட்டிக்கிட்டாரு. அந்தக் கோபத்துல மாமனார் சாகுற வரைக்கும் மகன்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. திவசத்துக்குத் திவசம் அப்பா படத்துக்கு முன்னால இவரு ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பாரு. அப்படி உட்கார்ந்திருக்கும்போது என்ன நினைக்கிறாருன்னு நான் கேட்டதே இல்லை. கேட்டா என்ன பதில் வருமோன்னு பயம்.

தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா அவர் ஜெயிச்சுடுவாரு. பொண்ணு அக்கவுண்ட்ஸ் படிக்கப் போயிடுவா. அவர் விரும்பினதும் அதுதானே? எழுந்து சமையல்கட்டுக்கு ஓடிடலாமான்னு எனக்கு இருந்துச்சு.

இவரு திரையைப் பார்க்கலை, பொண்ணையும் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தாரு. "தப்பு இல்லை"ன்னாரு. "இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன்."

"அப்ப நீங்க தோத்துட்டீங்க, அங்கிள்"னு அந்த அம்மா மெதுவா சொன்னாங்க.

"தெரியும் மேடம்"னு சிரிச்சாரு. ஆனா சும்மா விடுற ஆளா? உடனே பொண்ணு பக்கம் திரும்பி, "சரி, கேக்கலாமா வேணாமான்னு பிள்ளையே முடிவு பண்ணலாம்னு சொல்றே. அந்த முடிவு சரிதான்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"னு ஒரு போடு போட்டாரு.

இவ யோசிச்சா, யோசிச்சா, அப்புறம் சிரிச்சுட்டா. "தெரியலப்பா. அதைப் படிக்கத்தான் போறேன்."

அதைக் கேட்டதும் நான் சமையல்கட்டுக்குப் போயிட்டேன். குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். கூடவே சிரிப்பும் வந்துச்சு.

நேர்காணல் முடிஞ்சதும் பொண்ணு அவரைப் பிடிச்சு ஒரு காய்ச்சு காய்ச்சினா. அவர் கடைக்குப் போய் மூணு பேருக்கும் மீ பண்டுங் நூடுல்ஸ் வாங்கிட்டு வந்து வெச்சுட்டு, "என்னாலதான் போச்சோ?"ன்னு என்கிட்ட கேட்டாரு. பதில் வர்ற வரைக்கும் தினமும் அவளுக்கு முன்னால இவர்தான் ஈமெயில் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. இடம் கிடைச்சுடுச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு அவர் பெக்டரியில இருந்து போட்ட சத்தம் போன் இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும்.

இப்ப பொண்ணு ரெண்டாவது வருஷம் படிக்கிறா. வாரக் கடைசியில அப்பாவும் மகளும் போன்ல மல்லுக்கு நிக்கிறாங்க. இதைப் படிச்சு என்னவா ஆகப் போறான்னு அண்ணி இன்னும் கேக்குறாங்க. வாத்தியாராகலாம், பத்திரிகையில சேரலாம், மேல சட்டம்கூட படிக்கலாம்னு இவர் விரல் விட்டுச் சொல்றாரு. நான் குறுக்க பேசறதில்லை. அந்தப் படிப்பு அவளுக்கு என்ன தரும்னு எனக்கு இன்னும் முழுசா தெரியாது. ஆனா அவ படிக்கவே ஆரம்பிக்காத அன்னைக்கு, இத்தனை வருஷக் குடித்தனத்துல நான் கேக்கப் பயந்த ஒரு கேள்விக்கு அது எனக்குப் பதில் வாங்கிக் கொடுத்துடுச்சு.