மூன்றாவது ஈத்து

மாமாவுக்கு முயல் பைத்தியம் பிடித்த வருஷம் நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி அவர். திருப்பூரை ஒட்டிய நல்லூரில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னால் பொடக்காலி ஒன்றுதான்; தண்ணீர்த் தொட்டி, வெந்நீர் அடுப்பு, துணி துவைக்கும் கல் எல்லாம் பொது. சண்டையும் பொது.

பக்கத்துத் தெரு பனியன் கம்பெனியில் மாமா நிட்டிங் மிஷின் ஓட்டினார். திருப்பூரில் நேற்றுவரை கூட நின்று மிஷின் ஓட்டியவன் இன்றைக்கு நாலு மிஷின் போட்டு எக்ஸ்போர்ட் என்று பேசிக்கொண்டிருந்த காலம். மாமாவுக்கும் முதலாளி ஆக ஆசை. பனியனில் ஆக முடியாது என்று தெரிந்ததும் முயலில் ஆவது என்று முடிவெடுத்துவிட்டார். மாசம் ஒரு ஈத்து, ஈத்துக்கு எட்டுக் குட்டி என்று எவனோ அவரிடம் சொல்லியிருக்கிறான். சொன்னவன் நன்றாக இருக்கட்டும். சோற்றைப் பிசைந்தபடியே மாமா வாயால் பெருக்கிக்கொண்டு போவார். ஆறு மாசத்தில் பொடக்காலி முழுக்க முயல். ஒரு வருஷத்தில் நல்லூர் முழுக்க முயல்.

வந்தது இரண்டே இரண்டு. ஒரு கடா, ஒரு பெட்டை. இரண்டும் வெள்ளை, சிவப்புக் கண். பார்சல் கட்டும் மரச்சட்டங்களை அடித்து, கம்பிவலை போட்டு மாமாவே கூண்டு செய்தார். நான் பெயர் வைக்கப் போனேன்.

"கறிக்குப் போறதுக்கு எதுக்கு அம்மிணி பேரு?" என்றார்.

அத்தை மட்டும் யாரும் இல்லாதபோது பெட்டையைக் 'கண்ணு' என்று கூப்பிடுவாள். அத்தை என்றால் மாமாவின் மனைவி. குண்டடம் பக்கம் தோட்டங்காட்டு வேலை செய்து வளர்ந்தவள், கல்யாணமாகி நாலு வருஷம். வீட்டிலிருந்தபடியே பிசிறு வெட்டுவாள். தைத்த பனியனில் தையல் முடிகிற இடத்தில் ஒரு நூல் தொங்கும் இல்லையா, அதுதான் பிசிறு. அது இருந்தால் பீஸ் ரிஜெக்ட். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முருங்கை மர நிழலில், முயல் கூண்டுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டிக் கத்தரியால் டிக் டிக் என்று வெட்டிக்கொண்டே இருப்பாள். அவள் பார்த்த பீஸில் ஒரு பிசிறு இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அந்த நாலு வருஷத்தில் அத்தை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து பத்துப் பத்து நாள் படுத்துக் கிடந்தாள். 'அத்தைக்கு உடம்பு சரியில்லை.' எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். இரண்டு தடவையும், அத்தை 'நங்கையா' என்று கூப்பிடும் என் அம்மாதான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெளியில் வந்து, தண்ணீர்த் தொட்டியிடம் சொல்வது போல, உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி, ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அம்மா கெட்டவள் இல்லை. கை நல்ல கை. வாய்தான் அப்படி.

முயலின் முதல் ஈத்து கம்பிவலை மேலேயே விழுந்தது. பெட்டி வைக்க வேண்டும் என்று மாமாவுக்குத் தெரியாது. விடிந்து பார்த்தால் ஏழு குட்டியும் விறைத்துக் கிடந்தன. இரண்டாவது ஈத்துக்குப் பெட்டி வைத்தார், ஆனால் கூண்டுக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க மறந்துவிட்டார். செவ்வெறும்பு வந்துவிட்டது. இரண்டுக்கும் தப்பு யாருடையது என்று என் பள்ளிக்கூடத்தில் ஒன்றாவது படிக்கும் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

"பெத்துப் போட்டுட்டு அந்தப் பக்கமே போகலடா அது. நானும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அம்மா. "சிலதுக்கு வவுறு மட்டுந்தான் இருக்கும். தாயாகற ராசி இருக்காது."

"இரு அக்கா, இன்னொருக்காப் பார்க்கலாம்" என்றார் மாமா. "மூணாவது ஈத்தும் நிக்கலீன்னா ஞாயித்துக்கிழமை கொழம்பு வெச்சர்லாம். தின்னுட்டுத் தின்னுட்டு சும்மா கெடக்கறதுக்கு இதென்ன சத்திரமா?"

நாலடி தள்ளி டிக் டிக் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஆரம்பித்தது. எனக்கு அப்போது முயலைப் பற்றிய கவலை மட்டும்தான். இந்த ஈத்தை எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். முடிவெடுப்பதில் நான் மாமாவுக்குச் சளைத்தவளில்லை.

முட்டைக்கோஸ் இலை, அருகம்புல், முருங்கைத் தழை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொட்டினேன். கூண்டுக் கால்கள் நாலுக்கும் தேங்காய்த் தொட்டியில் தண்ணீர். அத்தையும் கூடச் சேர்ந்துகொண்டாள். பெட்டி அவள் ஏற்பாடு. நூல் கோன் வருகிற அட்டைப்பெட்டியில் பாதியை வெட்டி உள்ளே வைத்தாள். பெட்டையின் வயிற்றை அடியில் கைகொடுத்துத் தடவிப் பார்த்து, "உருளுது அம்மிணி, ஆறேழு இருக்கும்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டு பனியன் மூட்டைக்குத் திரும்பிவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டை தன் நெஞ்சு முடியைப் பல்லால் கவ்விப் பிடுங்க ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் பெட்டிக்குள் கொண்டு போய் வைத்தது. அடியில் தோல் ரோஸ் கலரில் தெரிந்தது. நான் அலறிவிட்டேன்.

"பயப்படாத சாமி. குட்டிக்கு மெத்தை போடுது."

"வலிக்காதா அத்தே?"

"வலிக்குந்தான்" என்றாள் அத்தை.

அது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டு போவது என் வேலை. போய்விட்டு வந்தால் ஆறு குட்டி போட்டிருக்கிறது என்று அத்தை சொல்வாள் என்பது தெரியாமலேயே, போகும்போதே திட்டம் போட்டுவிட்டேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிட்டிங் மிஷினுக்கு அடியில் புகுந்தேன். அங்கே நூல் வேஸ்ட் குவிந்து கிடக்கும். அறுந்த நூலும் சிக்கின நூலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வெள்ளையாக, மெத்து மெத்தென்று, கையில் எடுத்தால் எடையே இல்லாமல். எங்கள் ஊரில் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. தலையணைக்குள் வேஸ்ட், மிஷின் துடைக்க வேஸ்ட், நாய்க்குப் படுக்க வேஸ்ட். பிறந்த பிள்ளைக்கே வேஸ்ட் துணியில்தான் தொட்டில் மெத்தை. முயல் குட்டிக்கு மட்டும் ஆகாதா? காலி கேரியர் பை நிறையத் திணித்துக்கொண்டு வந்தேன்.

குட்டிகள் ஆறு. கண் திறக்கவில்லை, முடி இல்லை, என் சுண்டுவிரல் மாதிரி இருந்தன. பெட்டியை மூடிவைத்துவிட்டு அத்தை சமைக்கப் போன நேரம் பார்த்து நூலை உள்ளே பரப்பி, மேலே முயலின் முடியைப் பழையபடி போர்த்திவிட்டேன். தொட்டுப் பார்த்தேன். என் தலையணையைவிட மெத்தென்று இருந்தது. இனி அது தன்னைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அவ்வளவு பெருமை எனக்கு. யாரிடமும் சொல்லவில்லை, பிழைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் குட்டிகள் உயிரோடு இருந்தன; போர்த்திய முடி அசைவதை வைத்தே தெரிந்துகொண்டோம். மாமா வாயால் பெருக்குவதை மறுபடி ஆரம்பித்துவிட்டார். அத்தை பிசிறு வெட்டும்போது ஏதோ முணுமுணுத்தாள். பாட்டாகத்தான் இருக்க வேண்டும். அவள் வாயில் நான் அதுவரை பாட்டைக் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், அத்தையோடு நானும் கூண்டுக்குப் போனேன். அத்தை முடியை விலக்கினாள். குட்டிகள் தனித்தனியாக வரவில்லை. ஒரே கொத்தாக வந்தன. நெளிந்து நெளிந்து நூலுக்குள் புகுந்து, ஒன்றின் கழுத்தைச் சுற்றிய நூல் இன்னொன்றின் காலையும் சுற்றி இறுக்கியிருந்தது. ஐந்து செத்துப்போயிருந்தன. ஒன்றுக்கு மட்டும் வயிறு அசைந்தது. அதன் பின்னங்கால் கறுத்து வீங்கி, நூல் இருக்கும் இடமே தெரியாமல் உள்ளே இறங்கியிருந்தது.

அத்தை அந்த நூலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏது அம்மிணி இது?"

"மாமா கம்பெனில இருந்து. அது முடியைப் பிடுங்காம இருக்கட்டும்னு."

வாசலில் மாமா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அந்த வாரம் நைட் ஷிப்ட்; முடிந்து வந்துவிட்டார். அத்தை மடியிலிருந்து அந்தக் குட்டிக் கத்தரியை எடுத்தாள். அவ்வளவு வேகமாக அவள் வெட்டி நான் பார்த்ததே இல்லை. கழுத்து, கால், கழுத்து, கால். ஒரு இழை விடாமல் எடுத்தாள். பெட்டியில் மிச்சமிருந்த நூலையும் வழித்துச் சுருட்டி வெந்நீர் அடுப்புக்குள் போட்டாள். குப்பென்று எரிந்து அடங்கியது. உயிர் இருந்த ஒன்றின் மூச்சு அவள் உள்ளங்கையிலேயே நின்றுபோனது.

"என்ன, இதும் போச்சா?" என்று வந்து நின்றார் மாமா. பின்னாலேயே பல் விளக்கிக்கொண்டு அம்மா.

"ஆமாங்க. தாய் மிதிச்சுப் போட்டுதுங்க" என்றாள் அத்தை.

"நாந்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா" அம்மா எச்சிலைத் துப்பிவிட்டு வந்தாள். "மூணு தடவை பார்த்தாச்சு. இன்னும் என்ன பார்க்கறது? அதுக்குக் கொடுப்பினை இல்ல. குத்தம் அதுமேலதான்னு இப்பவாச்சும் தெரியுதா?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். "என்ன, நான் சொல்றது?"

"ஆமாங்க நங்கையா" என்றாள் அத்தை.

நான் வாயைத் திறக்கலாமென்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அத்தையின் கை வந்து என் தோள்மேல் விழுந்தது. விழுந்த கை அழுத்தியது. எனக்கு அது போதும் என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி கொழம்பு. மாமா கூண்டைத் திறந்தபோது, தழை கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துப் பெட்டை தானாகவே முன்னால் வந்தது. நெஞ்சில் அந்த ரோஸ் தோல் இன்னும் மூடவில்லை. மசாலா அரைத்தது அத்தைதான். பரிமாறியதும் அவள்தான். ஈரலை எடுத்து என் தட்டில் வைத்தாள். தின்னமாட்டேன் என்று அழுதிருக்க வேண்டும்; நல்ல பிள்ளையாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நான் தின்றேன். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்றேன். அன்றைக்கு என் மனசில் இருந்ததெல்லாம் ஒன்றுதான்: அடி விழவில்லை.

கல்லூரி ஹாஸ்டலில் என்னோடு இருந்த ஒருத்தியின் அண்ணன் கால்நடை டாக்டர். ஒரு லீவு நாளில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பேச்சு எப்படியோ முயலில் வந்து நின்றது. முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், அதுவும் சில நிமிஷம்தான் குட்டிக்குப் பால் கொடுக்கும், மற்ற நேரம் கிட்டேயே போகாது, அதுதான் அதன் சுபாவம் என்றார். பெட்டிக்குள் வைக்கோல் போடலாம், நூல் மட்டும் போடவே கூடாது என்றும் சொன்னார். இதென்ன பெரிய விஷயம் என்பது போல் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எரிந்துபோனது வெறும் நூல் இல்லை. அந்த வீட்டில் ஒரு தடவையாவது, ஒரு வாயில்லா ஜீவன் விஷயத்திலாவது, 'தப்பு தாய்மேல் இல்லை' என்று எடுத்துக் காட்ட அத்தையின் கையில் கிடைத்த ஒரே சாட்சி அது. அதைக் காட்டியிருந்தால் அம்மாவின் வாய் ஒரு நாளாவது மூடியிருக்கும். எனக்கு நாலு அடி விழுந்திருக்கும். என் நாலு அடியும் தன் வாழ்க்கையும் தராசில் நின்றபோது, சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற நேரத்துக்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். ஊர் தன்மேல் போட்ட வார்த்தையைத் தன் வாயாலேயே எடுத்து அந்த முயல்மேல் போட்டாள். கேட்டவர்கள் அதை முயல்மேலும் அவள்மேலும் சேர்த்தே எழுதிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் அத்தையை அவளுடைய அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். ஒரு தகரப்பெட்டி, ஒரு துணிப்பை. மாமா கம்பெனிக்குப் போய்விட்டார். அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. குண்டடம் பஸ் ஏற்றிவிட நான் மட்டும் ஸ்டாப்பு வரைக்கும் கூடப் போனேன். தாய் வீட்டுக்கு லீவுக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, வரும்போது காட்டிலிருந்து இலந்தைப்பழம் கொண்டுவரச் சொன்னேன்.

"கொண்டாறேன் சாமி" என்றாள்.

அடுத்த தையில் மாமாவுக்கு வேறு கல்யாணம் நடந்தது. எனக்குப் புதுப் பாவாடை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட எனக்கு அத்தைமேல் கோபம் தீரவில்லை. பழம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டாளே என்ற கோபம்.